மரபும் மாவும்

நம் கொங்குநாட்டுப் பாட்டிமார் கம்பங்கூழும் சோளக்களியும் உண்டு வளர்ந்தவர்கள். சப்பாத்தி என்றால் 'யாருக்குச் சர்க்கரை வியாதி?' என்று கேட்பார்கள். இன்றோ விடுதியில் இரவுச் சப்பாத்தி, கடைவீதியில் பரோட்டா. இம்மாற்றத்தோடு தொடர்புடையது சீலியாக் என்னும் குடல் நோய்.

கோதுமை, பார்லி ஆகியவற்றில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. நமது ஆறாவது குரோமோசோமிலுள்ள சில மரபணுக்கள் எச்.எல்.ஏ. டி.க்யூ.2, டி.க்யூ.8 என்னும் மூலக்கூறுகளை ஆக்குகின்றன. இவை குளூட்டன் துணுக்குகளைப் பற்றி வெள்ளணுக்களிடம் காட்டிக்கொடுக்கின்றன. வெள்ளணுக்கள் அதனைப் பகையென்று கருதிவிட்டால், சிறுகுடலின் விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும்.

இம்மரபணு இல்லாதவர்க்கு நோய் வருவது மிக அரிது. இருப்பவர்க்கெல்லாம் வருமோவெனில், அதுவும் இல்லை! பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவைக் காண்க. மரபணு உடையோர் வடநாட்டில் நூற்றுக்கு 38.1, தென்னாட்டில் 36.4; ஏறத்தாழச் சமம். நோயுற்றோரோ வடக்கே ஆயிரத்துக்கு 8.53, தெற்கே 0.11 மட்டுமே. அங்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம், இங்கே 25. ஆயினும் 37 கிராமே உண்ணும் வடகிழக்கில் ஆயிரத்துக்கு 4.66 பேர் நோயுற்றிருந்தனர். ஆகவே கோதுமையின் அளவே முழு விடை என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

டி.க்யூ.2 மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு நோய்வாய்ப்பு மிகுதி. ஆனால் அறிகுறி எப்படியிருக்கும் என்பதை மரபணுவைக்கொண்டு கணித்துவிட முடியாது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு வயிற்றுப்போக்கும் மெலிவும் இருக்கலாம். தங்கைக்கு வயிற்றில் ஒரு தொல்லையுமின்றி இரத்தசோகை மட்டும் இருக்கலாம். இரும்புச்சத்தை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் மேற்பகுதி; நோய் முதலில் தாக்குவதும் அதையே. எனவேதான் மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஊறுவதில்லை. நம் பக்கத்தில் சோகை என்றால் கீரை தின்னச் சொல்வார்கள். பெரும்பாலோர்க்கு அது தகும். மாதக்கணக்கில் மாத்திரை உண்டும் தேறாதவரோ மருத்துவரிடம் இந்நோய் பற்றியும் கேட்பது நல்லது.

ஒன்றை மறவாதீர்: இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் தெரியாமற் போகலாம். நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்க வேண்டும். அரிசி, கம்பு, சோளம், ராகி, சாமை எல்லாம் உண்ணலாம். கோதுமை அரைத்த மில்லிலேயே ராகியை அரைக்கக் கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் மாவே குடலைக் கெடுக்கப் போதும்.