கலைக்கூடத்தின் வாயில்

பெருநகரங்கள் பலவற்றில் கலைக்கூடங்கள் உண்டு. வல்லோர் தீட்டிய ஓவியங்களும், சிற்பியர் செதுக்கிய வடிவங்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றிருக்கும். அக்கூடங்களின் வாயில் எல்லார்க்கும் திறந்தே இருக்கும். ஆயினும், திறந்த வாயில் வழியே எல்லாரும் உள்ளே புகுந்துவிடுவதில்லை. ‘இஃது எனக்கும் உரிய இடம்’ என்னும் எண்ணம் உள்ளத்தில் பிறந்தவரே தயக்கமின்றி நுழைவர். அவ்வெண்ணம் பிறவாதவர் தெருவிலேயே நின்று திரும்பிவிடுவர்.

அத்தகையோர்க்குக் கலைக்கூடத்தின் வாயிலை உண்மையாகவே திறந்துவிடுவதற்கென ஒரு பணி உண்டு. அப்பணியை மேற்கொள்வோர் கலைஞராகவும் இருப்பர், ஆசிரியராகவும் இருப்பர். கலைக்கூடத்தின் சார்பில் மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து கலை பயிற்றுவது அவர்தம் தொழில். அத்தொழிலுக்கு ஓர் எடுத்துக்காட்டாக வாழ்ந்தவர் பெட்டி பிளேட்டன் என்னும் அம்மையார்.

இளமையும் கல்வியும்

பெட்டி பிளேட்டன் 1937ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு மருத்துவர். அக்காலத்தில் அம்மாநிலத்தில் வெள்ளையர்க்கு வேறு பள்ளி, கறுப்பின மக்களுக்கு வேறு பள்ளி என்னும் வழக்கம் இருந்தது. நிறம்பற்றிப் பொதுப்பள்ளிகளைப் பிரித்தல் முறையன்று என நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னரும் பழைய வழக்கம் எளிதில் மாளவில்லை.

பிளேட்டன் ஓவியக்கலை பயில விரும்பினார். அவர் விரும்பிய கல்வி வெள்ளையர்க்குரிய கல்லூரிகளில் இருந்தது. அங்கே அவருக்கு இடமில்லை. வெளிமாநிலம் சென்று பயில்வதாயின் கல்விக் கட்டணத்தைத் தானே செலுத்துவதாக வர்ஜீனியா அரசு ஏற்றுக்கொண்டது. பணத்தைக் கொடுத்து வெளியே அனுப்ப இசைந்த அரசு, தன் கல்லூரிக் கதவைத் திறக்க இசையவில்லை. பிளேட்டன் நியூயார்க்கு மாநிலத்திலுள்ள சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயின்று, 1959ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மூடிய கதவின்முன் நிற்பது எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

பட்டம் பெற்றபின் கரிபியக் கடலிலுள்ள செயிண்ட் தாமஸ் தீவில் சிறிது காலம் ஆசிரியப்பணி புரிந்தார். பின்னர் 1960ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்திற் குடியேறினார். ஓவியம் தீட்டுதலும் இளைஞர்க்குக் கற்பித்தலும் அவருக்கு இரு கண்களாயின.

ஹார்லெமும் அருங்காட்சியகமும்

நியூயார்க்கு நகரத்தின் மன்ஹாட்டன் தீவின் வடபகுதியில் ஹார்லெம் என்னும் பகுதி உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் மாநிலங்களிலிருந்து வேலையும் உரிமையும் நாடிவந்த கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் அங்கே குடியேறினர். 1920ஆம் ஆண்டையடுத்த காலத்தில் கவிஞரும் இசைவாணரும் ஓவியரும் அங்குத் தோன்றி அப்பகுதிக்குப் பெருமை தேடித் தந்தனர். ஆயினும் வறுமையும் இடநெருக்கடியும் அங்கு நீங்காமல் நிலைத்தன.

1960ஆம் ஆண்டுக்குப் பின், ஹார்லெம் இளைஞரின் முன்னேற்றத்துக்காக அமைந்த ஒரு நிறுவனத்தில் பிளேட்டன் கலைப்பயிற்சியை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். தம் மாணவரை நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கமாயிற்று. 1929ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வருங்காட்சியகம் நகரின் 53ஆம் தெருவில் உள்ளது. ஹார்லெமின் பெருவீதியோ 125ஆம் தெரு. இடைப்பட்ட தொலைவு நான்கு கல்லுக்கும் குறைவே. ஆனால் உள்ளத்தால் அளந்தால் அத்தொலைவு மிகப் பெரிது. அங்கே தொங்கிய ஓவியங்களுள் கறுப்பினக் கலைஞர் தீட்டியவை மிகச் சிலவே. ‘இத்தகைய கூடம் ஒன்று நம் ஹார்லெமில் ஏன் இல்லை?’ என்னும் கேள்வி இளைஞர் உள்ளத்தில் எழுந்தது.

அக்கேள்விக்குச் சொல்லால் விடையளித்து அமைதியடைதல் எளிது. பிளேட்டன் அவ்வாறு செய்தாரல்லர். ஒத்த கருத்துடையார் பலருடன் கூடி உழைத்தார். நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இளைஞர் மன்றத்தைச் சார்ந்தோரும் அம்முயற்சியில் தோள் கொடுத்தனர். 1968ஆம் ஆண்டில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில், ‘ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகம்’ என்னும் கலைக்கூடம் தோன்றியது. அதனை நிறுவியோருள் பிளேட்டனும் ஒருவர். எளிய மாடியில் பிறந்த அக்கூடம், பின்னர்க் கறுப்பினக் கலைஞரின் படைப்புகளைப் போற்றும் தலைசிறந்த நிலையங்களுள் ஒன்றாய் வளர்ந்தது.

குழந்தைகளுக்கென ஒரு வாயில்

ஹார்லெமில் இவை நிகழ்வதற்கு முன்னரே, நவீனக் கலை அருங்காட்சியகத்தில் குழந்தைகளைப் பற்றிச் சிந்தித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் விக்டர் டாமிக்கோ. 1937ஆம் ஆண்டு முதல் 1969ஆம் ஆண்டு வரை அருங்காட்சியகத்தின் கல்விப்பணியை நடத்தியவர் அவரே. குழந்தைகளைக் கூடத்துக்கு வரவழைத்து, ‘இவர் பெரிய ஓவியர்; இது சிறந்த படம்’ என்று மனப்பாடம் செய்விப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் படைக்கும் ஆற்றல் உண்டு. அவ்வாற்றலைத் தடுக்காமல் வளரவிடுவதே கல்வி என்பது அவர் கொள்கை.

அக்கொள்கைக்கு உருவம் கொடுக்க, 1942ஆம் ஆண்டில் ‘குழந்தைகளின் கலைத் திருவிழா’ என்னும் நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். அதன் வாயிலே ஒரு புதுமை. நான்கு வயதுக் குழந்தையின் வடிவமும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வடிவமும் அவ்வாயிலின் அளவாய் அமைந்தன. குழந்தைகள் அவ்வடிவங்களின் வழியே துள்ளி நுழைவர். பெற்றோர்க்கு உள்ளே இடமில்லை. அவர்கள் வெளியே நின்றே காணல் வேண்டும். ‘நீலம் பூசு, கோணலாய் வரையாதே’ என்று அருகிருந்து ஏவுவார் இல்லாதபோதே குழந்தையின் கை அச்சமின்றி இயங்கும் என்பதை டாமிக்கோ உணர்ந்திருந்தார்.

உள்ளே முதற்பகுதியில் மங்கிய ஒளி பரவியிருக்கும். அங்கே நிறத்தையும் வடிவத்தையும் இயக்கத்தையும் விளையாட்டாய் உணர்த்தும் பொறிகள் இருக்கும். இசைப்பெட்டியின் கட்டைகளை அழுத்தினாற்போல் அழுத்தினால் வண்ண ஒளி தோன்றும் பொறி அவற்றுள் ஒன்று. அவற்றோடு விளையாடி உள்ளம் மலர்ந்த குழந்தைகள், ஒளி நிறைந்த இரண்டாம் பகுதிக்குச் செல்வர். அங்கே அவரவர் உயரத்துக்கேற்ப அமைக்கத்தக்க ஓவியச் சட்டங்களும், வண்ணத்தாள், துணித்துண்டு, இறகு முதலியன நிறைந்த மேசைகளும் காத்திருக்கும். பார்த்து வரைவதற்குரிய படம் ஒன்றும் இராது. போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. வென்றவன் ஒருவன் மகிழத் தோற்றவர் பலர் கலையையே வெறுக்கும் நிலை குழந்தைகளுக்கு வேண்டா என்று டாமிக்கோ கருதினார்.

இத்திருவிழா கடல் கடந்தும் சென்றது. 1957ஆம் ஆண்டில் மிலான், பார்சலோனா நகரங்களிலும், 1958ஆம் ஆண்டில் பிரசெல்சு நகரத்து உலகக் கண்காட்சியிலும் அது நடைபெற்றது. 1963ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கும் வந்தது. தலைநகராகிய தில்லியில் தொடங்கி, ஐதராபாத்து, சென்னை, பெங்களூர், அகமதாபாத்து ஆகிய நகரங்களிலும் அது குழந்தைகளை வரவேற்றது. மொழி வேறாயினும், வண்ணத்தைக் கண்டதும் குழந்தையின் கண்ணில் தோன்றும் ஒளி எங்கும் ஒன்றே அன்றோ?

பிளேட்டனின் பணி

1969ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தின் முயற்சியால் இத்திருவிழா ஹார்லெமில் நிலையாகக் கால்கொண்டது. முன்னர் ஊர்தி நிறுத்தும் கொட்டகையாய் இருந்த ஓர் இடம் செப்பனிடப்பெற்றுக் கலைக்கூடமாயிற்று. அதனை நடத்தும் பொறுப்பு பெட்டி பிளேட்டனிடம் ஒப்படைக்கப்பெற்றது. நகரின் நடுவிலிருந்த பெரிய அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகள் சென்ற நிலை மாறி, அருங்காட்சியகமே குழந்தைகளைத் தேடி வந்தது எனலாம்.

இத்தகைய ஆசிரியரின் வேலை, காண்பதற்கு எளிதாய்த் தோன்றும், செய்வதற்கு அரிது. குழந்தை ஒன்று வெற்றுத்தாளின்முன் அமர்ந்து, ‘எனக்கு வரைய வராது’ என்று கூறும். தூரிகையை வாங்கித் தானே ஒரு மரத்தை வரைந்துகாட்டுதல் ஆசிரியர்க்கு நொடிப்பொழுது வேலை. ஆனால் அந்த மரம் ஆசிரியருடைய மரமே யாகும். குழந்தையின் மரம் பிறவாமலே போய்விடும். ஆகையால் நல்லாசிரியர் குழந்தையின் தாளில் கை வைப்பதில்லை. வினாக்களையே கருவியாகக் கொள்வர். ‘உன் தெருவில் மரம் உண்டா? அதன் பட்டை கைக்குச் சொரசொரப்பாய் இருக்குமா, வழுவழுப்பாய் இருக்குமா? காற்றடித்தால் அது எப்பக்கம் சாயும்?’ என்று கேட்பர். விடை தேடும்போதே குழந்தையின் மனக்கண்முன் மரம் எழுந்து நிற்கும். கை தானே அசையத் தொடங்கும்.

பொருள்களை அறிந்திருத்தலும் இன்றியமையாதது. வண்ணக்குழம்பு எவ்வளவு நீர்த்தால் ஓடும், எந்தப் பசை எந்தத் துணியைப் பற்றும், களிமண் எப்போது வெடிக்கும் என்பன போன்றவற்றைத் தம் கையாற் பழகி உணர்ந்தவரே பிறர்க்கு வழிகாட்ட இயலும். கலைஞரே ஆசிரியராதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே. பிளேட்டன் வட்ட வடிவமான திரைகளில் ஒளியும் நிறமும் கலந்து இயங்கும் ஓவியங்களைப் படைத்தவர். தாம் படைத்துக்கொண்டே இருந்தமையால், படைக்கத் தொடங்குவோரின் அச்சம் அவருக்குப் புலனாயிற்று.

எழுத்துக்கு ஏணியான ஓவியம்

ஹார்லெம் பள்ளிகளில் படிப்பில் பின்தங்கிய குழந்தைகள் பலர் இருந்தனர். புத்தகத்தை விரித்தாலே அவர்தம் முகம் வாடும். அக்குழந்தைகளுக்காகக் கலைவழியே வாசிப்புக் கற்பிக்கும் திட்டம் ஒன்று 1970ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அங்கே நடைபெற்றது. ஓவியமும் கைவினையும் ஒருபுறம், மொழிப்பயிற்சி மறுபுறம் என்றில்லாமல், இரண்டும் அதன்கண் இணைந்தன.

அதன் உட்கருத்து எளியது. தான் படைத்த பொம்மையைப் பற்றிப் பேசக் குழந்தைக்கு அச்சமில்லை. அதற்கு ஒரு பெயர் இடும். அதன் கதையைச் சொல்லும். சொல்லிய சொல்லை எழுதிக்காட்டினால், அச்சொல் அயலார் சொல்லாய்த் தோன்றாது; தன் சொல்லாகவே தோன்றும். தன் சொல்லை வாசித்த குழந்தை, பின்னர்ப் பிறர் சொல்லையும் வாசிக்கத் துணியும். கலை பொழுதுபோக்கு அன்று. அறிவின் வேரில் ஊற்றப்படும் நீர் என்னும் உண்மை இங்கே புலனாகின்றது.

சில ஆண்டுகளில் அந்நிலையம் அருங்காட்சியகத்தின் துணையினின்றும் பிரிந்து, தன் காலிலேயே நிற்கும் தனி நிறுவனமாயிற்று. பிறர் துணையாகத் தொடங்கிய ஒன்று, ஊரார் தமதெனக் கொண்டாடும் பொருளாய் மாறுவதே இத்தகைய பணியின் வெற்றி. பிளேட்டன் 1998ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் அதனை நடத்தினார். 2016ஆம் ஆண்டில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

முப்பதாண்டுகளையும் தம் ஓவியங்களுக்கே செலவிட்டிருப்பின், அவர்தம் திரைகள் இன்னும் பல சுவர்களை அணிசெய்திருக்கும். அவர் அதனை அறியாதவர் அல்லர். அறிந்தே, தம் பொழுதின் பெரும்பகுதியைக் குழந்தைகளுக்கு ஈந்தார். இளமையில் அவர் முன் ஒரு கதவு மூடப்பட்டது. அதனை நினைத்து அவர் நெஞ்சம் கசந்து ஒடுங்கவில்லை. பிறர் பிள்ளைகளின்முன் கதவுகள் மூடியிராவண்ணம் காப்பதையே தம் தொழிலாக்கிக்கொண்டார்.

கலைக்கூடத்துச் சுவரில் தொங்கும் ஓவியம் ஒருவர் கைவண்ணத்தைக் காட்டும். ‘எனக்கு வராது’ என்று சொன்ன குழந்தை, ‘இதோ, நான் செய்தது’ என்று சொல்லும் பொழுதில் மலரும் முகமோ எச்சுவரிலும் தொங்குவதில்லை. அம்முகங்களே பெட்டி பிளேட்டன் விட்டுச்சென்ற செல்வம்.