மழைக்காலம் முழுவதும் நின்ற பம்புசெட்டை மீண்டும் ஓட்டுமுன்...

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் நவரைப் பட்டத்துக்கு நாற்றங்கால் தயாராகத் தொடங்குகிறது. ஐப்பசி பிறந்தது முதல் ஏரியிலும் வயலிலும் தண்ணீர் நிற்பதால், கிணற்றுப் பம்புசெட்டுக்கு வேலை இராது. இரண்டு, இரண்டரை மாதம் ஈரக் காற்றில் அது சும்மா நிற்கிறது. பிறகு ஒருநாள் காலையில் பம்பு அறையைத் திறந்து பொத்தானை அழுத்துகிறார்கள். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. மறுபடி அழுத்துகிறார்கள். மூன்றாம் முறை புகை வருகிறது.

காயில் கட்டும் கடைகளில் அந்த நாட்களில்தான் கூட்டமும் அதிகம். மோட்டார் திரும்பி வரும் வரை நாற்றங்கால் காத்திருக்காது. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். காயில் கட்டும் கூலி இலவசமல்ல. இந்தச் செலவில் பெரும் பகுதியை ஒரே ஒரு நாள் பொறுமையால் தவிர்க்கலாம்.

முதல் நாள் மின்சாரமே வேண்டாம்

மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மழைக்குப் பம்பு அறையில் பாம்பும் ஒதுங்கியிருக்கும். கையை விடுமுன் கோலால் தட்டிப் பார்ப்பது நல்லது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்புப் புற்று, குளவிக் கூடு, செத்த பல்லி ஆகியவை இருக்கும். இவற்றைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஒயரை எலி கடித்திருந்தால் துணி சுற்றி ஒப்பேற்றாமல் அந்தத் துண்டையே மாற்றுவதே சரி. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டரைத் தொடுகிறவரின் உயிருக்கு அந்தக் கம்பிதான் காவல்.

அடுத்து, தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மோனோபிளாக் பம்பானால் விசிறிப் பக்கத்தில் சுற்றலாம். தடையின்றிச் சுற்றினால் நல்லது. இறுகியிருந்தால், உள்ளே இம்பெல்லரும் கூடும் துருவால் ஒட்டிக்கொண்டுள்ளன என்று பொருள். சுத்தியலால் அடிக்கக் கூடாது. பம்பில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் இரு பக்கமும் மாறி மாறி அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அப்படியும் அசையாவிட்டால் கூட்டைத் திறந்து துருவைச் சுரண்ட வேண்டும். உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் வழக்கத்தைப் போல் பல மடங்கு மின்சாரம் பாய்கிறது. காயில் எரிய அதிக நேரம் ஆகாது.

நீரில் மூழ்கிய மோட்டார்

கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பை வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்பே கப்பி போட்டு மேலே ஏற்றிவிடுவது வழக்கம். ஏற்ற மறந்தவர்களுக்கும், வெள்ளம் பம்பு அறைக்குள்ளேயே புகுந்தவர்களுக்கும் தனி வேலை உண்டு. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அப்படிப்பட்ட மழையில் மேட்டில் வைத்த மோட்டாருக்கும் பாதுகாப்பில்லை.

மூழ்கிய மோட்டாரை வெளியே துடைத்துவிட்டு ஓட்டக் கூடாது. பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் வைக்க வேண்டும். வெயில் இல்லாத நாளில், உள்ளே காயிலைத் தொடாதபடி 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, தகரத்தால் மூடி, ஈரக் காற்று வெளியேறச் சிறிது இடைவெளி விட்டால் ஓரிரு நாளில் காயும். நேரடி நெருப்பு ஆகாது, வார்னிஷ் கருகிவிடும். காய்ந்த பிறகு எலெக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பார்வைக்குக் காய்ந்த காயிலும் மெக்கரில் தோற்பதுண்டு. பேரிங்கில் பழைய கிரீஸைக் கழுவிவிட்டுப் புதிதாக வைக்கும்போது அரைப் பங்குக்கு மேல் அடைக்க வேண்டாம். நிறைய வைத்தால் சூடாகும்.

தண்ணீர் ஊற்றுவது

பம்பின் மேலுள்ள அடைப்பைத் திறந்து, குமிழி நிற்கும் வரை தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். மட்டம் இறங்கினால் புட்வால்வு கசிகிறது. மழையில் அடித்து வந்த சுள்ளியோ இலையோ அதில் சிக்கியிருக்கும். அல்லது உள்ளிருக்கும் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். சாணம் கரைத்து ஊற்றி அடைப்பது பழைய கைவைத்தியம். அன்றைக்குத் தண்ணீர் எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதில் உள்ள மணல் இம்பெல்லரைத் தேய்க்கும், கசிவும் தீராது. தோலை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. மட்டம் இறங்காமலும் பம்பு தண்ணீர் எடுக்க மறுத்தால், உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்று புகுகிறதா என்று பார்த்து, காய்ந்த கேஸ்கட்டை மாற்ற வேண்டும்.

இப்போதுதான் பியூஸ் கட்டைகளைப் போட வேண்டும். வெளியேற்றுக் குழாயில் வால்வு இருந்தால் அதை மூடி வைத்து மோட்டாரைப் போட்டு, வேகம் பிடித்ததும் மெல்லத் திறந்தால் மோட்டாருக்குச் சுமை குறைவு. தண்ணீர் மெலிந்து வந்தால் உடனே பம்பைப் பிரிக்க வேண்டாம். மழையில் அறுந்த லைனைச் சரி செய்யும்போது பேஸ் மாறி, மோட்டார் எதிர்ப் பக்கமாகச் சுற்றுவதுண்டு. கூட்டின் மேல் வார்க்கப்பட்ட அம்புக்குறியோடு ஒப்பிட்டால் தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, மூன்று ஒயர்களில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கிளாண்டில் சொட்டே விழக் கூடாது என்று நட்டை முறுக்குபவர்கள் பலர். நிமிடத்துக்கு 50, 60 சொட்டு விழுவதுதான் சரியான நிலை. அந்த நீர்தான் தண்டைக் குளிர்விக்கிறது. சொட்டு நின்றால் கயிறு கருகித் தண்டும் தேயும். தாரையாகக் கொட்டினால் கயிற்றை மாற்ற வேண்டும். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று, சூடும் சத்தமும் கவனிப்பது அவசியம்.

காய்கறிக்குச் சொட்டுநீர் போட்டவர்கள் முதலில் பில்டரைக் கழுவி, பிறகு மெயின் குழாய், துணைக் குழாய், பக்கக் குழாய் என்ற வரிசையில் முனை மூடிகளைக் கழற்றித் தெளிந்த நீர் வரும் வரை ஓடவிட வேண்டும். வரிசையை மாற்றினால் மெயினில் உள்ள சேறு சொட்டுவான்களில் போய் அடைந்துகொள்ளும்.

குடிக்கவும் மாட்டுக்கும் அதே கிணறு என்றால்

கலங்கல் நீரை முதலில் இறைத்துவிட்டு, ஊறி வந்த நீருக்கு மருந்திட வேண்டும். வட்டக் கிணற்றின் குறுக்களவை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும், 785ஆலும் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். 3 மீட்டர் குறுக்களவும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம் பிளீச்சிங் பவுடர் வேண்டும். பழைய பொட்டலத்தில் வீரியம் இராது. அன்று பிரித்ததாக இருக்கட்டும். வாளியில் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் பல முறை ஆட்ட வேண்டும். வெள்ளம் உள்ளே பாய்ந்த கிணறானால் இந்த அளவு போதாது. சுகாதார ஆய்வாளரைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இரவில் மருந்திட்டு, காலையில் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகு நீரை ஏற்றலாம்.