தராசு முள் நின்றபோது

நுழையும்முன்

உணவைக் குறைத்த பின்னும் எடை குறையாமல் நிற்பதுண்டு. அது முயற்சியின் தோல்வியா? அப்போது உடல் என்ன செய்கிறது?

தில்லி லோதி தோட்டத்தில் காலையில் நடப்போருள் எடையைக் குறைக்க முயல்வோரும் உளர். அவர்கள் வெண்ணெய் தடவிய பராத்தாவை விலக்குவர்; சோற்றின் அளவைக் குறைப்பர். முதல் சில வாரங்களில் எடை விரைந்து குறையும். சில மாதங்கள் சென்றபின், உணவும் நடையும் மாறாதிருந்தும் தராசு முள் நின்றுவிடும். இதனை எடைத் தேக்கநிலை என்பர்.

தொடக்கத்தில் குறைவது கொழுப்பு மட்டுமன்று. கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். அச்சேமிப்புச் செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. மேலும், இளைத்த உடலுக்கு முன்போல் ஆற்றல் தேவைப்படுவதில்லை. முன்பு எடையைக் குறைத்த அதே உணவு, இப்போது உடலுக்குப் போதுமானதாகிவிடுகிறது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். பஞ்சத்தில் வாடுவோரை மீட்கும் வழியறிவதே அதன் நோக்கம். தாமே முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்தம் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இதயத்துடிப்பு மெதுவாயிற்று, கோடையிலும் குளிர் வாட்டியது. பஞ்சம் வந்துவிட்டதெனக் கருதி உடல் சிக்கனம் பிடித்தது. தேக்கநிலையிலும் இச்சிக்கனம் சிறிய அளவில் நிகழ்கிறது.

சிறு எடை வேறுபாடும் பெரிதாவது விளையாட்டுக் களத்தில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரியானாவின் வினேஷ் போகாட், மகளிர் 50 கிலோ மற்போரில் ஒரே நாளில் மூவரை வென்று இறுதிச்சுற்றை எட்டினார். மறுநாள், ஆகஸ்டு 7 காலை, அவரது எடை 100 கிராம் மிகுந்திருந்தது. இரவெல்லாம் பயிற்சி செய்தும், கூந்தலைக் கத்தரித்தும் பயனில்லை, பதக்கம் கைநழுவியது. ஆயினும் தில்லி விமான நிலையத்தில் மக்கள் திரண்டு அவரை வரவேற்றனர். மக்கள் போற்றியது அவரது ஆற்றலையே.

மற்போருக்கு எடைப்பிரிவு உண்டு. நம் அன்றாட வாழ்வுக்கு இல்லை. எனவே, முள் நின்றதென்று பெரியோர் உணவை மேலும் குறைத்தல் தகாது. பருப்பு, பயறு, முட்டை ஆகியவற்றை உண்டு, தசையை வலுவாக்கும் பயிற்சி செய்து, நன்கு உறங்கி, பொறுமை காத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் மருத்துவரை நாடுதல் நலம்.

மாணவர்களே! நீங்கள் வளரும் பருவத்தினர். உங்கள் எடை கூடுவது வளர்ச்சியின் இயல்பு. எவரேனும் எள்ளினாலும் உணவைத் தவிர்க்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

தெரிந்து தெளிவோம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதன் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியதே.

சொல்லும் பொருளும்

தேக்கம் – மேற்செல்லாது நிற்றல்
சிக்கனம் – அளவான செலவு
மற்போர் – மல்யுத்தம்
எள்ளுதல் – இகழ்தல்

வினாக்கள்

1. தொடக்கத்தில் எடை விரைந்து குறைவது ஏன்?
2. மினசோட்டா ஆய்வில் உடல் எவ்வாறு சிக்கனம் பிடித்தது?
3. 'தராசு காட்டும் எண் ஒருவரின் மதிப்பன்று' – வினேஷ் போகாட் நிகழ்வைக் கொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.