ஓடாத இன்ஜினின் ஷாஃப்ட்



இரட்டை இன்ஜின் படகில் ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் அதன் புரொப்பெல்லர் நிற்பதில்லை. மற்ற இன்ஜின் படகைத் தள்ளிக்கொண்டு போகையில், எதிரே வரும் தண்ணீர் அதைக் காற்றாடி போலச் சுழற்றும். ஷாஃப்ட்டும் கியர்பாக்ஸின் பின்பாதியும் கூடவே சுற்றும்.

தொல்லை அங்கேதான். ஹைட்ராலிக் கியர்பாக்ஸ் பலவற்றில் எண்ணெய் பம்பை ஓட்டுவது இன்ஜின்தான். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். எண்ணெய் வராமல் மணிக்கணக்கில் சுற்றும் பேரிங்குகளும் கிளட்ச் தட்டுகளும் சூடேறித் தேயும். கியரைப் போட்டு வைத்தால் ஷாஃப்ட் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இந்த வகையில் கிளட்சை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெய் அழுத்தம்தான். அது இல்லாதபோது எந்த கியரும் நியூட்ரலுக்குச் சமம்.

ஆனால் எல்லா கியர்பாக்ஸும் ஒன்றல்ல. சிலவற்றைச் சுழலவிடலாம்; சிலவற்றுக்கு நேர வரம்பு உண்டு. கியர்பாக்ஸின் கையேடு அனுமதித்தால் ஷாஃப்ட்டைக் கட்டாமல் சுழல விடுவதே மேல். கட்டிவைத்த புரொப்பெல்லர் பெரும்பாலும், தானாகச் சுழல்வதைவிட அதிகமாகத் தண்ணீரைத் தடுக்கும், டீசல்தான் வீண். சுழலவிடுவதானால் ஷாஃப்ட் சீலையும் கவனிக்க வேண்டும். சில சீல்களுக்குக் குளிர்ச்சித் தண்ணீர் இன்ஜினின் கடல்நீர் பம்பிலிருந்து வருகிறது; இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். அதனால்தான் சில இரட்டை இன்ஜின் படகுகளில் இரண்டு சீல்களையும் ஒரு குழாயால் இணைத்திருப்பார்கள்.

கட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் படகு நிற்க வேண்டும். ஓடுகிற இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஷாஃப்ட் அசையாமல் நின்றபின்தான் இன்ஜின் அறைக்குள் கை போகலாம். சுற்றுகிற ஷாஃப்ட்டில் கயிற்றைப் போட்டு நிறுத்தப் பார்ப்பது கையை இழக்கும் வழி.

பலரும் உடனே தேடுவது பைப் ரெஞ்ச். ஷாஃப்ட்டுக்கு அது எதிரி. அதன் பல் பதிந்த கீறலிலிருந்து பின்னாளில் விரிசல் தொடங்கலாம். கீறிய பகுதி சீலுக்குள் வந்தால் ரப்பரும் போயிற்று. பிடிக்க ஏற்ற இடம் கப்ளிங். கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கும் அந்த இரண்டு தட்டுகளின் போல்ட் ஒன்றைக் கழற்றி, அதே கனத்தில் நீளமான போல்ட்டைப் போட்டு, அதில் ஒரு இரும்புப் பட்டையை மாட்டி, அதன் மறுமுனையை இன்ஜின் தாங்கும் கட்டையோடு சங்கிலியால் இருபுறமும் இழுத்துக் கட்டலாம். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் போதாது. படகு பின்னோக்கி நகரும்போது புரொப்பெல்லர் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும்.

கப்ளிங்கை முழுதாகக் கழற்றிவிடுவதும் ஒரு வழிதான், ஆபத்தான வழி. பிடிப்பில்லாத ஷாஃப்ட் பின்னால் நழுவி சுக்கானில் மோதலாம். முழுதாக வெளியே போனால் அந்தத் துளை வழியே கடல் உள்ளே வரும். ஷாஃப்ட்டில் சீலுக்கு முன்னால் ஒரு வளையக் கிளாம்ப் இறுக்காமல் அதைச் செய்யக் கூடாது.

கட்டியபின் வேகத்தைக் குறைத்தே போக வேண்டும். வேகம் 2 மடங்கானால் கட்டின் மேல் வரும் விசை சுமார் 4 மடங்காகும். முதல் அரைமணியில் ஒருமுறையாவது இறங்கி, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற இன்ஜினின் சாவியில் ‘ஷாஃப்ட் கட்டியிருக்கிறது’ என்று அட்டை எழுதித் தொங்கவிடுவது அவசியம். தெரியாமல் யாரேனும் கிளப்பி கியர் போட்டால் கப்ளிங்கோ கியர்பாக்ஸோ உடையும்.

கட்டை அவிழ்த்ததும் பழைய போல்ட்டைத் திரும்பப் போட்டு முறுக்கி, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, கியர் எண்ணெய் அளவைச் சரிபார்த்த பிறகே இன்ஜினை நியூட்ரலில் கிளப்ப வேண்டும்.