பூனைக்குட்டிக்கு முதல் தேவை சூடு

கேள்வி: வைக்கோல்போரில் தனியாகக் கிடக்கும் பூனைக்குட்டிகளை உடனே வீட்டுக்கு எடுத்து வரலாமா? (ஆலங்குடி)

பதில்: குட்டிகள் தனியாகக் கிடப்பதாலேயே தாய் கைவிட்டுவிட்டது என்று ஆகாது. தாய்ப்பூனை இரை தேடிச் சில மணி நேரம் விலகியிருக்கும். ஈன்ற இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். வயிறு நிரம்பி, ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் தாய் இருக்கும். அவற்றைத் தொடாமல் தொலைவிலிருந்து கவனிப்பதே நல்லது. உடல் சில்லிட்டு, விடாமல் கத்தும் குட்டிக்குத்தான் உதவி தேவை.

அதற்கு முதலில் தர வேண்டியது பால் அல்ல, சூடு. பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். முதல் சில வாரங்களுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. உடல் குளிர்ந்துவிட்டால் செரிமானமும் நின்றுவிடும். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஊட்டும் பாலே அதன் உயிருக்கு உலை வைக்கும். அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைக்கலாம். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும். ஐப்பசி மழையிலும் மார்கழி இரவிலும் இது கட்டாயம். சித்திரையிலோ தகரக் கொட்டகைக்கு அடியில் பெட்டியை வைக்கவே கூடாது.

கேள்வி: பசும்பால் ஊட்டலாமா? (கீரனூர்)

பதில்: கூடாது. தாய்ப்பூனையின் பாலில் உள்ள அளவுக்குப் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இல்லை. அது பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அத்தனை சிறிய உடலில் நீர் வற்ற ஒரு நாளே போதும். பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரித்த பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. முதல் வாரத்தில் இரவு பகலாக 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். குட்டியை மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையிலேயே ஊட்ட வேண்டும். ஊட்டியதும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்புறத்தை மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடுவதற்கு ஈடான வேலை இது. ஏறத்தாழ 3 வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது.

நாளுக்கு 10 முதல் 15 கிராம் எடை கூடினால் வளர்ச்சி சரியாக இருக்கிறது. 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். நான்காம் வாரம் முதல் குழைவான உணவு தரலாம். தாயோடு இருக்கும் குட்டியை 8 வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது.

கேள்வி: வளர்ந்த பூனைக்குப் பால்சோறும் கருவாடும் போதுமா? (கோட்டைப்பட்டினம்)

பதில்: பூனை ஊனுண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். குறைந்தால் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். எலி பிடித்துத் தின்னும் பூனை இச்சத்தை எலியிலிருந்தே பெறுகிறது. சோற்றை மட்டும் நம்பியிருக்கும் பூனைக்கு அந்த வழியில்லை. மீன் மலிவாகக் கிடைக்கும் கடற்கரை ஊர்களிலும் மத்தி, நெத்திலியைப் பச்சையாகத் தினமும் போடக் கூடாது. அவற்றிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்து முள் எடுத்துத் தருவதே சரி. கருவாட்டில் உப்பு அதிகம். மீன்குழம்பில் சேரும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாரசிட்டமால் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நெல், கடலை வயல்களில் எலிமருந்து வைக்கும் நாட்களில் பூனையை வெளியே விடாதிருப்பது நல்லது.

கேள்வி: தடுப்பூசியும் கருத்தடையும் எப்போது? (அறந்தாங்கி)

பதில்: குடற்புழு மருந்தை 2 அல்லது 3 வார வயதிலேயே எடைக்கேற்பத் தொடங்கலாம். பான்லுகோபீனியா உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் தொடரும். ரேபிஸ் தடுப்பூசி 12 வாரத்தில். பூனையாலும் ரேபிஸ் பரவும். கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெட்டைப்பூனை 4 அல்லது 5 மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஒரு ஈற்றுக் குட்டிகளையாவது பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வழக்கமே தெருவில் சாகும் குட்டிகளைப் பெருக்குகிறது. 5 மாத வாக்கில் அறுவை செய்துவிடுவது நல்லது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

கேள்வி: வயதான பூனைக்கு என்ன கவனிப்பு? (பொன்னமராவதி)

பதில்: பத்து வயதைக் கடந்த பூனைக்குச் சிறுநீரகமும் பல்லும்தான் முதலில் கெடும். தண்ணீர் அதிகம் குடிப்பது, எடை குறைவது, தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது ஆகியவை நோயின் அறிகுறிகள். வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது. கோடையில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைத்து, ஈரமுள்ள உணவு தர வேண்டும். எந்த வயதிலும் கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.