அப்லேஷனுக்குப் பின் கண்ணில் மின்னல் கோடா?

சீரற்ற இதயத்துடிப்புக்கு, இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்திச் செய்யும் அப்லேஷன் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, வீடு திரும்பியபின் பார்வையில் நெளிநெளியாய் ஒளிக்கோடுகள் மினுங்கும், தலைவலியும் வரலாம். குழாயை இடது மேலறைக்குள் செலுத்த இதயத்தின் நடுச்சுவரில் இட்ட சிறு துளை ஆறும்வரை இப்படி ஒற்றைத் தலைவலி தலைகாட்டுவதுண்டு. கோடுகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். என்றாலும் முதல்முறை வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, கோடு ஒரு கண்ணிலா இரண்டிலுமா, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கு இபுபுரூஃபனை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆகலாம். அந்த மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடக்கூடாது.

திடீரெனப் பார்வை போனால், வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், தாங்கமுடியாத தலைவலி சட்டெனத் தாக்கினால் உடனே 108. சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு விழுங்கும்போது வலித்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், அப்லேஷன் செய்ததை முதலிலேயே சொல்லுங்கள்.