குரோமோசோம் காட்டிய உறவு

நுழையும்முன்

தாவரங்களின் உறவை இலையும் பூவும் காட்டும். சில வேளைகளில் அவை மயக்கமும் தரும். அம்மயக்கத்தைத் தீர்க்கச் செல்லுக்குள் நுழைந்து பார்த்தவர் ஜானகி அம்மாள்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தினை, சாமை, கேழ்வரகு ஆகியவை வழிவழியாக விளைகின்றன. மூன்றும் சிறுதானியம் என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. எனினும், தினையின் உடற்செல்லில் உள்ளவை 18 குரோமோசோம்கள். சாமையிலும் கேழ்வரகிலும் உள்ளவை 36. எண்ணிக்கை ஒத்திருந்தும் பின்னவை இரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சார்ந்தவை. எனவே, எண்ணிக்கையோடு குரோமோசோம்களின் வடிவம், இணைசேரும் முறை, தாவரத்தின் புறத்தோற்றம் ஆகியவற்றையும் ஒப்பிட்டே உறவை உறுதிசெய்ய வேண்டும். இதுவே செல்லியல்வழி வகைப்பாட்டின் அடிப்படை.

கரும்பும் நாணலும்

அன்றைய சென்னை மாகாணத்துத் தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றினார். கரும்பின் காட்டு உறவான நாணலில், ஒரே சிற்றினத்திற்குள்ளேயே குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவதை ஆராய்ந்தார். இனிப்பு மிக்க கரும்புக்கு வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமையை அளிப்பது நாணலுடன் செய்யப்படும் கலப்பே. ஆதலால், இவ்வாய்வு உழவர் வாழ்வோடு நேரடித் தொடர்புடையதாயிற்று.

இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். பயிர்கள் தோன்றிப் பரவிய வழிகளை ஆராய்வோர்க்கு அது பெருந்துணையாயிற்று.

காட்டின் குரல்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பிய அவர், இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடைபெற்ற கருத்தரங்கில், இந்தியாவின் தன்னிறைவு வேளாண் வாழ்வு குறித்துக் கட்டுரை அளித்தார். பழங்குடியினரின் தாவர அறிவையும் ஆய்வுக்குரிய செல்வமாகவே அவர் போற்றினார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டம் மூழ்கடிக்கவிருந்தபோது, எண்பது வயதைக் கடந்திருந்தும் எதிர்ப்பில் இணைந்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முனைந்தார். ஆராயப்படும் முன்னரே ஓர் இனம் அழிந்துவிட்டால், அதன் உறவை எந்த நுண்ணோக்கியாலும் மீட்க இயலாது. அவர் 1984 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. இது செல் பகுப்பைத் தடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்யும். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளில் ஜானகி அம்மாள் இதனைப் பயன்படுத்தினார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா வகை ஒன்று இன்றும் உள்ளது.